மின்சாரச் சேமிப்பு: நீரும் மின்கலமும்

மின்சாரத்தை நெல்லைப் போலக் களஞ்சியத்தில் கொட்டி வைக்க இயலாது. உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தாக வேண்டும். இச்சமநிலை பிறழ்ந்தால் மின் தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் அளவிலிருந்து விலகும். விலகல் மிகுந்தால் மின் வழங்கலே தடைப்படும். 2030ஆம் ஆண்டுக்குள் புதைபடிவ எரிபொருள் சாராத மின் திறனை 500 கிகாவாட்டாக உயர்த்துவது இந்தியாவின் இலக்கு. இவ்விலக்கில் பெரும்பங்கு கதிரவனுக்கும் காற்றுக்கும் உரியது. இவ்விரண்டும் மனிதன் விரும்பும் நேரத்தில் கிடைப்பவை அல்ல. எனவே, சேமிப்பு இன்றியமையாததாகிறது.

மாலை நேரத் தேவை

ஐதராபாத் மாநகராட்சியுடன் 2007இல் இணைக்கப்பட்ட அல்வால் போன்ற குடியிருப்புப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நண்பகலில் சூரிய மின் உற்பத்தி உச்சத்தில் இருக்கும். ஆனால் வீடுகளில் விளக்கும், மின்விசிறியும், குளிர்சாதனமும் ஒருசேர இயங்குவது மாலையில், கதிரவன் மறைந்த பின்னரே. நண்பகல் உபரியை மாலைக்கு மாற்றித் தருவதே சேமிப்பின் பணி.

இங்கு இரு அளவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒரு கணத்தில் எவ்வளவு மின்சாரம் வழங்க இயலும் என்பதை மெகாவாட் குறிக்கும். மொத்தம் எவ்வளவு சேமித்துள்ளோம் என்பதை மெகாவாட்-மணி குறிக்கும். 40 மெகாவாட் வீதம் 3 மணி நேரம் வழங்கும் நிலையத்தின் கொள்ளளவு 120 மெகாவாட்-மணி, அதாவது 1,20,000 யூனிட். மெகாவாட்டை மட்டும் கூறி மணிக் கணக்கைக் கூறாத திட்டம் அரைத் திட்டமே.

நீரில் சேமிப்பு

உபரி மின்சாரத்தால் நீரை மேல் தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விடுத்து மின்சாரம் பெறுவது நீரேற்றுப் புனல் மின் நிலையம். தெலங்கானாவில் கிருஷ்ணை நதியின் மீது இத்தகைய இரு நிலையங்கள் உள்ளன. நாகார்ஜுனசாகரில் தலா 100.8 மெகாவாட் திறனுள்ள 7 மீள்சுழற்சி இயந்திரங்களும், ஸ்ரீசைலம் இடதுகரையில் நிலத்தடி நிலையத்தில் தலா 150 மெகாவாட் திறனுள்ள 6 இயந்திரங்களும் அமைந்துள்ளன. தமிழ்நாட்டில் கோவை மாவட்டத்தின் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1987 முதல் படிப்படியாக இயக்கத்துக்கு வந்தது.

நீரை மேலேற்ற வேண்டுமெனில், கீழேயும் போதிய நீர் தேங்கி நிற்க வேண்டும். கீழ்த்தேக்கம் ஆயத்தமாகாதவரை மீள்சுழற்சி இயந்திரமும் சாதாரண இயந்திரமாகவே பயன்படும். மேலும், நாகார்ஜுனசாகர் நீர் பாசனத்துக்கும் ஐதராபாத் நகரின் குடிநீருக்கும் உரியது; இரு மாநிலங்கள் பகிர்ந்து கொள்வது. நீரேற்று முறை நீரைச் செலவழிப்பதில்லை எனினும், நீர்மட்டம் தாழும் காலத்தில் குடிநீரும் பயிருமே முன்னுரிமை பெறும்.

மின்கலத்தில் சேமிப்பு

மின்கலத் தொகுதிக்கு மலையோ நதியோ வேண்டியதில்லை. துணை மின் நிலையத்தின் அருகிலேயே குறுகிய காலத்தில் நிறுவலாம். ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் செயற்பட்டு அதிர்வெண்ணைக் காக்கும். 2019இல் தில்லி ரோகிணியில் 10 மெகாவாட் தொகுதி தொடங்கப்பெற்றது. சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவில் 100 மெகாவாட் சூரிய மின் நிலையத்துடன், மேற்கூறிய 120 மெகாவாட்-மணி கொள்ளளவு இணைக்கப்பட்டு 2024இல் இயங்கலாயிற்று.

மின்கலத்தில் செலுத்தும் 100 யூனிட்டில் ஏறத்தாழ 85 திரும்பக் கிடைக்கும்; நீரேற்று முறையில் 75 முதல் 80 வரை. எனினும், நீர்த்தேக்கம் பல தலைமுறை நிலைக்கும். மின்கலமோ பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்வுறும். அதன் மூலப்பொருளான லித்தியத்துக்கு நாடு பெரிதும் இறக்குமதியையே நம்பியுள்ளது.

தேர்வும் பொறுப்பும்

மத்திய மின்சார ஆணையம் 2023இல் வெளியிட்ட தேசிய மின்சாரத் திட்டம், 2031-32இல் 411.4 கிகாவாட்-மணி சேமிப்புத் தேவைப்படும் என மதிப்பிட்டது. அதில் 175.18 நீரேற்று நிலையங்களுக்கும், 236.22 மின்கலங்களுக்கும் உரியவை. அதே ஆண்டு செப்டம்பரில், 4,000 மெகாவாட்-மணி மின்கலச் சேமிப்புக்கு, மூலதனச் செலவில் 40 விழுக்காடு வரை உதவி வழங்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

நிதியோடு பாதுகாப்பும் திட்டமிடப்பட வேண்டும். 2020 ஆகஸ்டில் ஸ்ரீசைலம் நிலத்தடி நிலையத்தில் ஏற்பட்ட தீ ஒன்பது உயிர்களைக் கொண்டது. லித்தியம் மின்கலங்களும் அளவு மீறிச் சூடேறினால் தீப்பற்றக் கூடியவை. குடியிருப்புகளை ஒட்டி அவற்றை நிறுவும்போது, இடைவெளி, வெப்பக் கண்காணிப்பு, தீயணைப்புப் பயிற்சி ஆகியவை செலவுக் கணக்கின் உறுப்புகளாதல் வேண்டும். பயனற்ற மின்கலங்களைத் திரும்பப் பெறும் கடமையை 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன.

ஆக, நீரும் மின்கலமும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல. நீண்ட நேரத் தேவைக்கு நீரும், விரைந்த, குறுகிய நேரத் தேவைக்கு மின்கலமும் ஏற்றவை. எந்த இடத்துக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, எவ்வளவு சேமிப்பு என்பதைக் கணக்கிட்டபின் முதலீடு செய்வதே பயன்தரும் திட்டமிடலாகும்.