தரங்கம்பாடி வெயிலில் கறுப்பு வெள்ளை

கடற்கரைக்குக் கறுப்பு வெள்ளை ஃபிலிமோடு வருகிறவர்கள் பெரும்பாலும் அலையிலிருந்து தொடங்குகிறார்கள். முகத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன் நான். தரங்கம்பாடிக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். வெயில் பட்ட நுரையும் கறுத்த மேனியும் ஒரே படத்துக்குள் வரும்போது கேமராவின் மீட்டர் நுரையின் பக்கமே சாயும். வலை இழுப்பவரின் கண்ணும் சிரிப்பும் கரியாகிவிடும். கடலோர நிழலுருவம் அழகானதுதான். ஆனால் ஒரு ஊரின் மக்களையெல்லாம் முகமில்லாமல் எடுத்துவருவதில் எனக்கு உடன்பாடில்லை.

மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் என்றே நினைத்துக் கணக்குச் சொல்லும். காய்ந்த மணலை அளந்தால் மணல் மங்கும். அப்போது ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். கறுத்த முகத்தை அருகில் போய் அளந்தால் இதற்கு நேர்மாறு: முகம் இயல்பைவிட வெளுத்துவிடும், ஒரு ஸ்டாப் குறைத்தால் உள்ளபடி வரும். ஒவ்வொருவர் முகத்தருகிலும் போய் மீட்டரை நீட்டுவது நாகரிகமும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை. அதனால் அதே வெயிலில் என் உள்ளங்கையை அளந்து, அதற்கு ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறந்துவிடுவேன். முகம் தொப்பியின் நிழலிலோ துண்டின் நிழலிலோ இருந்தால் என் கையையும் நிழலில் பிடித்து அளப்பேன். நுரையின் வெண்மையை டெவலப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம். ஃபிலிமில் பதியாமல் போன நிழலை எந்த ரசாயனத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

நம் கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடலிலிருந்து எழுவதால், கடலைப் பார்த்து நின்றால் எல்லாமே எதிர்வெளிச்சம். கரையை ஒட்டி வடக்கிலோ தெற்கிலோ பார்த்து நிற்பது என் வழக்கம். பக்கவாட்டில் விழும் ஒளியில் மணலின் வரிகள், கயிற்றின் முறுக்கு, ஈரத்தோளின் பளபளப்பு எல்லாம் எழுந்து வரும். பிற்பகலில் சூரியன் நிலத்தின் பக்கம் போன பிறகு கடலை நேராகப் பார்க்கலாம். ஃபில்டர் வானத்தில் நன்றாக வேலை செய்வதும் அப்போதுதான். மற்றபடி ஈரப்பதம் மிகுந்த வெளுத்த வானத்துக்குச் சிவப்பு ஃபில்டர் போட்டும் பெரிய பயனில்லை. கருக்க வைக்க அங்கே நீலம் இருக்க வேண்டுமே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்று கழுவிவிட்ட மார்கழி, தை மாதங்களில் மஞ்சள் ஃபில்டரே போதும்.

ஃபில்டரின் அருமை எனக்குப் புரிந்தது படகுகளிடம்தான். நீலப் படகில் சிவப்புப் பட்டை கண்ணுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது! ஃபிலிமில் இரண்டும் ஒரே சாம்பலாக வந்து, பட்டையே காணாமல் போகலாம். ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் நீலம் இறங்கும், சிவப்பு ஏறும், பட்டை திரும்பக் கிடைக்கும். மனிதத் தோலும் அதே ஃபில்டரில் சற்று வெளிச்சம் பெறும். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் மஞ்சள் கலந்த சுவரும் வானத்திலிருந்து பிரிந்து நிற்கும். ஆரஞ்சு ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் விழுங்கும். 400 வேக ஃபிலிமுக்கு உச்சிவெயில் கடற்கரையில் 1/500, எஃப் 22 என்றால், ஃபில்டரோடு 1/500, எஃப் 11. ஷட்டர் 1/1000க்கு மேல் போகாத பழைய கேமராக்களுக்கு இது ஒருவகையில் உதவியும்கூட. பகல் முழுக்க வெயிலில்தான் வேலை என்றால் 125 வேக ஃபிலிம் எடுத்துப் போங்கள்.

பொழுது புலருமுன் மாசிலாமணி நாதர் கோயில் பக்கம் போவது எனக்குப் பிடிக்கும். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் கொட்டிய பாறைகளுக்கு இடையே அலை ஏறி இறங்குவதை முக்காலி வைத்து நீண்ட நேரம் திறந்து எடுக்கலாம். நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்வு குறையும் என்பதை மறக்கக்கூடாது. எச்பி5 ஃபிலிமில் மீட்டர் 10 விநாடி சொன்னால் நான் 20 விநாடி கொடுப்பேன்.

உப்பும் மணலும் தனிக் கவலை. முற்பகல் கடந்து கடற்காற்று எழுந்துவிட்டால் லென்ஸ் மாற்றவே மாட்டேன். ஃபிலிம் மாற்றுவதாக இருந்தால் காற்றுக்கு முதுகு காட்டி, நிழலில், பைக்குள் வைத்து மாற்ற வேண்டும். உள்ளே போகும் ஒரு மணல் துகள் ரோல் முழுக்க நேர்கோடாகக் கீறிவிடும். லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் கட்டாயம். அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. காய்ந்த உப்பை வெறும் துணியால் தேய்த்தால் அது கண்ணாடியைக் கீறும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரைவலை இழுக்கும்போது கயிற்றுக்குக் குறுக்கே போகாதீர்கள், செருப்புக் காலோடு வலையை மிதிக்காதீர்கள். "அண்ணே, எடுக்கலாமா?" என்று முதலில் கேளுங்கள். "மீன் ஏறட்டும் தம்பி, அப்புறம் எடு" என்று சொன்னால் காத்திருங்கள். அந்த நேரத்தில் அவர்கள் கை ஓயக்கூடாது.

முகத்துக்காகத் தாராளமாக ஒளி கொடுத்த ஃபிலிமை டெவலப் செய்யும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பேன். நுரையின் நெளிவுகள் அதில்தான் தப்பிப் பிழைக்கும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியில் வரும்போது 20 டிகிரிக்காகப் பனிக்கட்டியோடு போராடத் தேவையில்லை. 24 டிகிரியில் நிறுத்துங்கள். ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் எச்பி5க்கு 20 டிகிரியில் 13 நிமிடம். 24இல் ஏறத்தாழ 9 நிமிடம். அதிலிருந்துதான் அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் திட்டுத் திட்டாக வரும் என்பதால் கலக்காத டெவலப்பரை வெயில் காலத்தில் தவிர்க்கிறேன். கடைசியாகக் கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

அடுத்த முறை போகும்போது பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் போட்டால் கடற்கரை ஈரத்தில் சுருளாமல் வீட்டுச் சுவரில் நிற்கும். சட்டமிடும்போது கண்ணாடியில் படம் ஒட்டிக்கொள்ளாதபடி இடையில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள்.