மனை புகுந்த மலர்

மண்ணில் வேரூன்றி வளர்வதே செடிகளின் இயல்பு என்று நாம் எண்ணுகின்றோம். ஆயின், மண்ணையே தீண்டாமல் முளைத்து, வளர்ந்து, பூத்து முடியும் செடிகளும் உலகில் உண்டு. பிரேசில், கொலம்பியா, வெனிசுவேலா முதலிய நாடுகளின் காடுகளில், உயர்ந்த மரங்களின் கிளைகளிலும் பாறைகளின் மேலும் பற்றி வாழும் காட்லியா அத்தகைய செடியாகும். அஃது ஆர்க்கிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் 25,000-க்கு மேற்பட்ட இனங்கள் இருப்பினும், ‘ஆர்க்கிட் மலர்’ என்றவுடன் மேலை நாட்டார் பலர் மனக்கண்முன் நெடுங்காலமாகத் தோன்றி வந்தது காட்லியாவே.

அதன் அழகு அத்தகையது. பெருவகைக் காட்லியாவின் ஒரு பூ ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலம் விரியும். மூன்று புல்லி இதழ்களும் மூன்று அல்லி இதழ்களும் அதற்கு உண்டு. அல்லி இதழ்களுள் ஒன்றுமட்டும் ஏனையவற்றைப் போலன்றி, அடியில் குழல்போல் சுருண்டு, நுனியில் அலையலையாக மடிந்து, உதடுபோல் முன்னே நீண்டிருக்கும். மற்ற இதழ்கள் இளங்கத்தரிப்பூ நிறமாயின், இவ்வுதடு செழுஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமாய், தொண்டையில் மஞ்சள் தீட்டப்பெற்று விளங்கும். தேனீயினத்துப் பெரிய வண்டுகள் வந்து அமர்வதற்கு இயற்கை இட்ட மணை அது.

மரத்தின்மேல் வாழும் செடியைக் கண்டால், ‘புல்லுருவி’ என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். காட்லியாவை அவ்வாறு சொல்லுதல் பெரும்பழியாகும். புல்லுருவி மரத்தின் உடலுக்குள் வேரைச் செலுத்தி, அதன் சாற்றை உறிஞ்சும். காட்லியாவோ மரத்தினிடம் இருக்க இடம் ஒன்றையே வேண்டுகிறது. உண்பதற்கும் பருகுவதற்கும் அது மரத்தை நாடுவதில்லை. மழைநீரும், அந்நீரில் கரைந்து வரும் சிறிதளவு உப்புக்களும், பட்டையிடுக்கில் மக்கிய சருகுமே அதன் உணவு.

இவ்வாழ்க்கைக்கு ஏற்றவாறு அதன் உடல் அமைந்துள்ளது. வேர்களைச் சுற்றி, பஞ்சு போன்ற வெண்ணிறப் போர்வை ஒன்று உண்டு. மழை பெய்த சிறுபொழுதிற்குள் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த வேர் வெள்ளிநிறமாகவும், நனைந்த வேர் பசுமையாகவும் தோன்றும். கிடையாகப் படரும் தண்டிலிருந்து ஆண்டுதோறும் புதிய முளை ஒன்று எழுந்து, தடித்து, குமிழ்போல் ஆகிறது. அக்குமிழே நீரைச் சேமிக்கும் தொட்டி. மேலும், சப்பாத்திக் கள்ளியைப் போலவே காட்லியாவும் பகலில் தன் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை ஏற்றுக்கொள்ளும். இரவில் சேர்த்ததைக் கொண்டு பகல் வெளிச்சத்தில் உணவு சமைக்கும். மழைக்காட்டில் பிறந்த செடிக்குப் பாலைநிலச் செடியின் சிக்கனம் எதற்கு என்று கேட்கலாம். மழை நின்று காற்று வீசிய ஒருநாளில் மரக்கிளை காய்ந்துவிடுகிறது அன்றோ! காடு ஈரமாயினும் கிளை பாலையே. இவ்வுண்மையை உணராமையால் விளைந்த கேட்டைத்தான் இனிக் காணப்போகின்றோம்.

வில்லியம் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேய இயற்கை நூலறிஞர் பிரேசிலில் பறவைகளையும் செடிகளையும் தொகுத்து வந்தார். 1818-ஆம் ஆண்டை ஒட்டி, அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள பெர்னாம்புகோப் பகுதியிலிருந்து அவர் சில செடிகளைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். மற்றச் செடிகளைப் பொதிந்து கட்டும் வைக்கோலாகவே இவை வந்து சேர்ந்தன என்று ஒரு கதை வழங்குகிறது. சுவையான கதைதான், ஆயினும், செடியறிந்த ஒருவர் அவ்வாறு செய்திருப்பார் என்று நம்புதல் அரிது. லண்டனை அடுத்த பார்னெட் என்னும் ஊரில் வாழ்ந்த வணிகர் வில்லியம் காட்லி அச்செடிகளுள் சிலவற்றைத் தம் கண்ணாடி மனையில் வைத்துப் பேணினார். அவை பூத்தன. அதுவரை ஐரோப்பா கண்டறியாத அப்பூவை ஆராய்ந்த ஜான் லிண்ட்லி, 1820-ஐ அடுத்த ஆண்டுகளில் அதற்குக் ‘காட்லியா லேபியாட்டா’ என்று பெயரிட்டார். முற்பகுதி வணிகரின் பெயர். பிற்பகுதி ‘உதடுடையது’ எனப் பொருள்படும்.

செல்வர் இல்லங்களில் அன்று மூண்ட ஆர்க்கிட் வேட்கைக்கு அளவில்லை. கப்பல் கப்பலாகச் செடிகள் வந்தன. வந்தவை எங்கே வாழ்ந்தன? ‘அடுப்பு’ என்றே ஆங்கிலேயர் பெயரிட்டழைத்த கண்ணாடி மனைகளில். வெப்ப நாட்டுச் செடி என்றால், ஓயாத வெப்பமும் ஓயாத ஈரமும் வேண்டும் என்பது அக்காலத்தார் துணிபு. ஆகவே, நிலக்கரியால் சூடேற்றினர். காற்றுப் புகாதபடி கதவுகளை அடைத்தனர். தோல் பதனிடும் சாலைகளிலிருந்து கொணர்ந்த மரப்பட்டைத்தூள் மக்கிச் சூடு எழுப்ப, அதனுள் தொட்டிகளைப் புதைத்தனர். இடையறாது நீர் வார்த்தனர். பஞ்சுப்போர்வை அழுகியது, வேர் அழுகியது, குமிழ் அழுகியது. ஆயிரமாயிரம் செடிகள் இவ்வாறு மடிந்தன. அவற்றைப் புறக்கணித்துக் கொன்றவர் எவரும் இல்லை. அனைவரும் போற்றிப் போற்றியே கொன்றனர்.

1830-ஐத் தொடர்ந்த ஆண்டுகளில் சாட்ஸ்வர்த் என்னும் இடத்தில் டெவன்ஷயர் கோமகனின் தோட்டத் தலைவராய் இருந்த ஜோசப் பாக்ஸ்டன் வேறு வழியை மேற்கொண்டார். (1851-ஆம் ஆண்டில் லண்டன் பொருட்காட்சிக்குப் பளிங்கு மாளிகையை அமைத்தவரும் இவரே.) ஆர்க்கிட்டுகள் அனைத்தும் ஒரே தட்பவெப்பத்தில் வாழ்வன அல்ல என்பதை உணர்ந்து, அவற்றை வெவ்வேறு மனைகளில் வகைப்படுத்தி வைத்தார், பலகணிகளைத் திறந்து காற்றோட்டம் தந்தார், வெப்பத்தைக் குறைத்தார், காற்றில் ஈரம் நிற்கும்படி தரையை நனைத்தார். அவர் வளர்ப்பில் செடிகள் தழைத்தன. பிறரும் அவரைக் கண்டு தம் வழக்கத்தை மெல்ல மாற்றிக்கொண்டனர்.

வளர்ப்புமுறை திருந்தியபின் வேட்கை இன்னும் மிகுந்தது. காடுகள் அதன் விலையைக் கொடுத்தன. கொலம்பியாவில் ஒடோன்டோகிளாசம் என்னும் மற்றோர் ஆர்க்கிட்டைத் தேடிய ஆல்பர்ட் மில்லிகன் என்பவர், இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 10,000 செடிகளைத் திரட்டுவதற்காக ஏறத்தாழ 4,000 மரங்களை வெட்டியதைத் தம் நூலில் தாமே எழுதியுள்ளார். மரமேறிச் செடியைப் பறிப்பதைவிட மரத்தை வீழ்த்துவது எளிது போலும்! காட்டை நாடாமல் விதையிலிருந்தே செடி பெறலாகாதா என்றால், அதுவும் எளிதாக இல்லை. ஆர்க்கிட்டின் விதை தூசியினும் நுண்ணியது. நெல்லைப்போலவோ அவரையைப்போலவோ முளைக்கு வேண்டிய உணவைத் தன்னகத்தே கொண்டதன்று. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சை துணைசெய்தால்தான் அது முளைக்கும் என்பதை 1899-ஆம் ஆண்டில் நோயல் பெர்னார்டு என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். 1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புக்களும் கலந்த கடற்பாசிக் கூழில், பூஞ்சையின் துணையின்றியே அவ்விதைகளை முளைக்கச் செய்து காட்டினார். ஒரு கண்ணாடிக் குடுவையில் நூற்றுக்கணக்கான நாற்றுகள்! செல்வரின் செடி எளியோர் பலகணிக்கு வந்தது இக்குடுவையின் வழியேயாகும். எனினும் பொறுமை வேண்டும். குடுவையில் முளைத்த காட்லியா முதற்பூப் பூப்பதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும்.

இனி, குளிர்நாட்டு இல்லம் ஒன்றின் அறைக்குள் இச்செடியை வளர்ப்போர் செய்வன யாவை எனக் காண்போம். முதலாவது ஒளி. வடகோளத்து நாடுகளில் கிழக்கு அல்லது தெற்கு நோக்கிய பலகணியே காட்லியாவுக்கு ஏற்ற இடம். உச்சிவெயிலைமட்டும் மெல்லிய திரையால் தடுத்தல் வேண்டும். போதிய ஒளி உண்டா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டா, இலையே கூறிவிடும். இலை சற்று மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருப்பின் ஒளி அளவாக உள்ளது. கண்ணுக்கு இனிய கரும்பச்சை நிறம் கொண்டு, குமிழ் நெடிதாய்த் துவண்டிருப்பின், அச்செடி ஒளிக்கு ஏங்குகிறது எனக் கொள்க. இவ்விடத்தில் கற்றோரும் ஏமாறுவதுண்டு. கரும்பச்சை கண்டு மகிழ்ந்து, அது பூக்கவில்லையே என்று ஆண்டுக்கணக்கில் வருந்துவோர் பலர். இலையைத் தொட்டால் சுடுமாயின் வெயில் மிகுதி. செடியைச் சிறிது உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்தது நீர். தொட்டியில் மண் இடலாகாது. மரப்பட்டைத் துண்டுகள், அடுப்புக்கரி, செங்கற் சல்லி போன்ற பருமனான பொருள்களை இட்டால், நீர் தங்காமல் வடியும். வேருக்குக் காற்றும் கிட்டும். ஊற்றும்பொழுது தொட்டியின் அடியில் வழிந்தோடும் அளவிற்கு நிறைய ஊற்ற வேண்டும். பின்னர், நன்கு உலரும்வரை ஒரு துளியும் வார்த்தல் ஆகாது. கையில் தூக்கிப் பார்த்தால் உலர்ந்த தொட்டி இலேசாக இருக்கும். ஐயம் ஏற்பட்டால் இன்னும் ஒருநாள் பொறுப்பதே நன்று. தாகத்தால் சுருங்கிய குமிழ் நீர் கண்டதும் மீளும். அழுகிய வேர் மீளுவதில்லை. நீர் வார்ப்பதற்குக் காலை வேளையே தகுந்தது.

குளிர்காலத்தில் சூடேற்றிய அறைகளில் காற்று மிக வறண்டுவிடும். கூழாங்கற்கள் பரப்பிய தட்டில் நீர் வைத்து, அந்நீர் தொடாதபடி கற்களின்மேல் தொட்டியை வைப்பர். செடிகள் பலவற்றை அருகருகே நிறுத்துவதும் பயன் தரும். மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் பற்றினால் ஈரத்துணியால் துடைத்தெடுப்பர். வளரும் பருவத்தில் மிக நீர்த்த உரமே போதும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, புதுவேர் எட்டிப்பார்க்கும் சமயம் நோக்கிப் புதுத்தொட்டிக்கு மாற்றுவர்.

இவை செடியைப் பிழைக்கச் செய்யும் முறைகள். பூக்கச் செய்வதற்கு இன்னும் ஒன்று வேண்டும். காட்லியாவின் ஒரு குமிழ் ஒருமுறையே பூக்கும். பூத்த குமிழ் மீண்டும் பூப்பதில்லை; இலையோடு நின்று புதிய முளைக்கு உணவளிக்கும். ஆகவே, அவ்வாண்டில் எழுந்த புதுக்குமிழ் முற்றித் திரள்வதைப் பொறுத்தே பூ உண்டாகும். திரண்ட குமிழின் உச்சியில், இலையின் அடியிலிருந்து, பச்சை நிறமான பாளை ஒன்று தோன்றும். அரும்பு அதனுள்ளிருந்தே வெளிப்படும். பாளை தோன்றிய உடனே அரும்பும் வரும் என எண்ணலாகாது. சில இனங்களில் பாளை மாதக்கணக்கில் வெறிதே நிற்கும். காய்ந்து பழுப்பு நிறம் அடைந்த பின்னரும் அதனுள் அரும்பு கிளம்புவதுண்டு. காய்ந்ததென்று அதனை வெட்டி எறிந்தவர் தம் கையாலேயே பூவை இழந்தவராவார்.

அரும்பை எழுப்புவது யாது? குளிர்ந்த இரவு ஒன்று. நீண்ட இருள் மற்றொன்று. பகலில் 21 முதல் 29 செல்சியஸ் பாகை வெப்பமும், இரவில் 13 முதல் 16 பாகையும் இருத்தல் நலம். இரவும் பகலும் ஒரே சூட்டில் வைத்த அறையில் காட்லியா இலையை வளர்க்குமேயன்றிப் பூவை எளிதில் ஈனாது. மேலும், 1950-ஐ ஒட்டிக் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள், காட்லியா லேபியாட்டா பகற்பொழுது குறுகும் காலத்திலேயே அரும்பு கொள்கிறது என்பதைத் தெளிவாக்கின. விளக்கொளியால் பகலை நீட்டினால் அது பூப்பதை ஒத்திப்போடுகிறது. பூ விற்கும் தோட்டத்தார் இதனைக் கைக்கொண்டு, விளக்கை ஏற்றியும் அணைத்தும் தாம் வேண்டும் நாளில் பூக்கச் செய்தனர். இல்லத்தில் வளர்ப்போர்க்கோ இஃது எச்சரிக்கையாகும். இலையுதிர்காலத்தில், நள்ளிரவுவரை விளக்கெரியும் கூடத்தில் வைத்த செடி, கோடை இன்னும் கழியவில்லை என்றே எண்ணிக்கொண்டிருக்கும். மாலை மங்கியபின் விளக்கேற்றாத அறையொன்றில், பலகணியின் ஓரத்தில் அதனை வைத்துவிட வேண்டும். எவரும் புழங்காத, குளிர்ந்த விருந்தினர் அறையில் மறந்து வைத்த செடி பூத்துக் குலுங்குவதற்குக் காரணம் இதுவேயாம்.

பாளையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து நோக்கினால், உள்ளே சிறு நிழல் ஒன்று மேலேறுவது தெரியும். அதுவே அரும்பு. அது பாளையைக் கிழித்து வெளிவந்தபின் செடியைத் திருப்பி வைத்தலும் இடம் மாற்றலும் கூடாது. ஒளியை நோக்கித் தலைநிமிரும் அரும்பு திசை தடுமாறிக் கோணிவிடும். காலையில் மெல்ல விரியத் தொடங்கும் பூ, தன் முழு அகலத்தையும் நிறத்தையும் அடைய இரண்டொரு நாள் கொள்ளும். பின்னர் இரண்டு மூன்று வாரம் வாடாமல் நிற்கும். பல இனங்கள் பகலில் நறுமணமும் கமழும். வடகோளத்தில் லேபியாட்டா இலையுதிர்காலத்திலும், கொலம்பியாவின் தேசிய மலரான டிரையனே குளிர்காலத்திலும், வெனிசுவேலாவின் தேசிய மலரான மோசியே இளவேனிலிலும் பூப்பன. ஆதலின் இம்மூன்றையும் ஒரே பலகணியில் வைத்திருப்போர், வெளியே பனி பெய்து மரங்கள் இலையின்றி நிற்கும் மாதங்களிலும், ஒன்றன்பின் ஒன்றாகப் பூவைக் கண்டுகொண்டிருப்பர்.