ஒரு சாக்கெட்டும் பல கருவிகளும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள வண்டிப்பெரியார், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலையூர். தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் வீடுகள் ஒரே கூரையின்கீழ், பொதுச் சுவர்களுடன் வரிசையாக அமைந்திருக்கும். ஒரு வீட்டில் பற்றும் தீ அடுத்த வீட்டையும் தாக்கக்கூடும். ஆகவே ஒரு குடும்பம் மின்சாரத்தை ஆளும் முறை அவ்வரிசை முழுவதற்கும் உரிய பொறுப்பாகிறது.

இம்மலைகளுக்கு மின்சாரம் புதியதன்று. மூணாறை அடுத்த பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. இடுக்கித் திட்டம் 1976-இல் தொடங்கியது. எல்லா வீடுகளுக்கும் மின் இணைப்புத் தந்த மாநிலமாகக் கேரளம் 2017-இல் அறிவிக்கப்பட்டது. வீட்டிற்குள் வந்துவிட்ட மின்சாரத்தை அளவறிந்து பயன்படுத்துவதே இனி மக்களுக்குக் கற்பிக்க வேண்டிய பாடமாகும்.

அளவை அறிதல்

ஒவ்வொரு கருவியிலும் அது கொள்ளும் ஆற்றல் வாட் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை நம் வீட்டு மின்னழுத்தமான 230 வோல்ட்டால் வகுத்தால், கருவி இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும். 1,500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும்; 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர், 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர். ஆனால் 9 வாட் எல்.இ.டி. விளக்கிற்கு 0.04 ஆம்பியரே போதும். சூடேற்றும் கருவிகளே பெருஞ்சுமை தருவன என்பது இதனால் விளங்கும்.

வீடுகளில் இருவகைச் சாக்கெட்டுகள் உள்ளன. சிறு துளைகளுடையது 6 ஆம்பியர் தாங்கும். அதாவது 1,380 வாட். பெருந்துளைகளுடையது 16 ஆம்பியர் தாங்கும். அதாவது 3,680 வாட். சிறு சாக்கெட்டில் நான்கு துளைவரிசை கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியை மாட்டினால் தாங்குந்திறன் நான்கு மடங்காகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். இது தவறு. நான்கு வழியாகச் செல்லும் மின்னோட்டமும் சுவரிலுள்ள அந்த ஒரே சாக்கெட்டைக் கடந்தே வரவேண்டும். அங்கே கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து இயங்கினால் 10.9 ஆம்பியர் பாயும். 6 ஆம்பியர் சாக்கெட்டிற்கு இது ஏறக்குறைய இருமடங்கு சுமை.

வெப்பம் பெருகும் விதம்

மின்னோட்டத்தால் கம்பியில் எழும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். தளர்ந்துபோன சாக்கெட்டின் தொடுமுனையில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 2 ஆம்பியர் பாயும்போது அங்கே 0.4 வாட் வெப்பமே எழும். 10.9 ஆம்பியர் பாய்ந்தால் அது ஏறக்குறைய 12 வாட் ஆகிவிடும். சிறு உலோக முனையில் குவியும் இவ்வெப்பத்தால் பிளாஸ்டிக் கருகும், தொடுமுனை மேலும் கெடும், தடையும் வெப்பமும் மேலும் கூடும்.

பியூஸ் அல்லது எம்.சி.பி. நம்மைக் காக்குமே என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 10.9 ஆம்பியரைக் கண்டு அணையாது. அதன் பார்வையில் அது இயல்பான சுமையே. தளர்ந்த தொடுமுனையின் வெப்பத்தையும் அது அறியாது. எனவே, 'எம்.சி.பி. விழவில்லை' என்பது 'ஆபத்து இல்லை' என்பதற்குச் சான்றாகாது. பியூஸ் கம்பி அடிக்கடி எரிகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவது, இருக்கும் காவலையும் நீக்குவதாகும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. ஹீட்டர், கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை ஒரே சாக்கெட்டில் ஒருசேர இயக்கலாகாது. ஒன்றன்பின் ஒன்றாகவே இயக்க வேண்டும்.

2. பெரிய பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் பொருத்த உதவும் அடாப்டரைத் தவிர்க்க வேண்டும். அது துளையை மாற்றுமேயன்றித் தாங்குந்திறனை மாற்றாது.

3. எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டியபடி பயன்படுத்தலாகாது. சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை.

4. வாளியில் அமிழ்த்தும் ஹீட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பின்னரே நீரைத் தொட வேண்டும். எர்த் இணைப்பு இன்றியமையாதது. மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மழை ஈரமுள்ள வீடுகளில் உயிர் காக்கும்.

5. சாக்கெட் சுட்டாலும், நிறம் மாறினாலும், கருகல் நாற்றம் வீசினாலும் மெயின் சுவிட்சை அணைத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. மின்சாரத்தைத் துண்டித்து உலர்ந்த மணலைத் தூவ வேண்டும்.

ஆசிரியர்கள், மாணவர்கள் தத்தம் வீட்டுக் கருவிகளின் வாட் அளவைப் பெரியோர் துணையுடன் குறித்துவரச் செய்து, வகுப்பில் 230-ஆல் வகுக்கப் பயிற்றுவிக்கலாம். எவ்வெவற்றை ஒருங்கே இயக்கலாம் என்று மாணவரே பட்டியலிடட்டும். களப்பணியாளர் ஒவ்வொரு வீட்டிலும் சாக்கெட்டின் அளவையும் கருவியின் அளவையும் அருகருகே காட்டுதல் நலம். துளைகளின் எண்ணிக்கை தாங்குந்திறனின் அளவன்று என்னும் இவ்வொரு செய்தி லயத்தின் எல்லா வீடுகளையும் சென்றடைதல் வேண்டும்.