நக அழகுக் கலை கற்கப் போகிறீர்களா?

'நகத்துக்கு பாலிஷ் போடறதுல என்ன பெரிய வித்தை இருக்கு? ஒரு மாசம் கத்துக்கிட்டா வீட்டு முன் அறையிலேயே தொழில் ஆரம்பிச்சுடலாமே!' என்று நினைக்கிறீர்களா? தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால், எதைச் செய்வது என்பதைப் போலவே எதைச் செய்யக் கூடாது என்பதையும் கற்றுக் கொண்டு ஆரம்பியுங்கள்.

முதலில் நகத்தைத் தெரிந்து கொள்ளுங்கள்

நாம் வெட்டிப் போடும் நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உயிரில்லாதது. அதனால்தான் வெட்டும்போது வலிப்பதில்லை. உயிருள்ள வேர்ப்பகுதி, தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் புதிதாக வர ஏறக்குறைய 6 மாதம். கால் கட்டைவிரல் நகத்துக்கு 12 முதல் 18 மாதம் வரைகூட ஆகும். அவசரத்தில் வேரில் காயம் பட்டால், அத்தனை நாளும் அந்த அம்மா உங்களை நினைத்துக் கொண்டே இருப்பார்!

நகம் முளைக்கும் இடத்தில் மெல்லிய தோல் ஒட்டியிருக்கிறதே, அதுதான் கியூட்டிகிள். 'பார்க்க நல்லாயில்லை' என்று பலர் அதை நறுக்கி விடுகிறார்கள். அது கிருமி உள்ளே போகாமல் தடுக்கும் காவல்காரன். நறுக்கினால் நகச்சுத்து வரலாம். வெதுவெதுப்பான நீரில் விரல்களை ஊற வைத்து, மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி விட்டாலே போதும்.

எந்த வரிசையில் கற்பது?

1. நகம் வெட்டுதல், வடிவமாகத் தேய்த்தல், சாதாரண பாலிஷ். அக்கா, அத்தை, நாத்தனார் என்று வீட்டுக் கைகளில் பழகுங்கள். பாலிஷைக் கனமாக ஒரே பூச்சாகப் பூசாமல், மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். தோலில் படாமல் பூச வருகிறதா? அடுத்த படிக்குப் போகலாம்.

2. பெடிக்யூர். கால் நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களை வளைத்து ஆழமாக வெட்டினால் நகம் சதைக்குள் வளரும்.

3. ஜெல் பாலிஷ், அதற்குப் பிறகே அக்ரிலிக் நகம். ஜெல் சரியாகக் காயாமல் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம். ஒருமுறை வந்து விட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நீடிக்கும். பல் வைத்தியத்தில் பயன்படும் சில பொருள்கள்கூட ஒத்துக் கொள்ளாமல் போகலாம். சில ஜெல்களில் சேர்க்கப்படும் டி.பி.ஓ. என்ற ரசாயனத்தை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்திருக்கிறது. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

சுத்தம் முக்கியம்

ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கக் கூடியது. அதனால் ஒருவருக்குப் பயன்படுத்திய கட்டரைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுக்காதீர்கள். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு கிருமிநாசினியில், லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை ஊற வையுங்கள். ஆட்டோகிளேவ் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. மரக்குச்சியும் உப்புத்தாள் அரமும் ஒருவருக்கு ஒன்றுதான். வேலை முடிந்ததும் குப்பைக்கு!

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். சாமி விளக்கு, அடுப்பு பக்கத்தில் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். நகம் தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள்.

யாருக்கு 'இப்போது வேண்டாம்' என்பது?

சர்க்கரை நோயாளிகள் சிலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். நீங்கள் லேசாகக் கீறினாலும் அவருக்குத் தெரியாது. அது ஆறாத புண்ணாகலாம். ஆரம்ப நிலையில் அவர்களுக்கு பெடிக்யூர் செய்ய ஒப்புக் கொள்ளாதீர்கள். மஞ்சளாகத் தடித்த நகம், சீழ், வீக்கம், நகத்தில் புதிதாகத் தோன்றிய கறுப்புக் கோடு இவற்றைப் பார்த்தால் பாலிஷ் போட்டு மறைக்காதீர்கள். 'மாமி, இதை ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்க. அப்புறம் அழகா போட்டு விடறேன்' என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

அன்றைக்கு வர வேண்டிய காசு போகும்தான். ஆனால், 'அந்தப் பொண்ணு நல்லது சொல்லுவா' என்று அந்த மாமியே நாலு பேரை அழைத்து வருவார்!