முன்னால் நின்ற பூச்சியம்



4175 என்று பலகையில் எழுதினால், நான்கு, ஒன்று, ஏழு, ஐந்து என்று முதல் வகுப்புக் குழந்தையும் படித்துவிடும். ஆனால் கணிப்பொறியிடம் அதை ஓர் எண்ணாகக் கொடுத்தால், அதற்கு அது நான்காயிரத்து நூற்று எழுபத்தைந்து என்னும் ஒரே அளவுதான். அதைத் தனித்தனி இலக்கங்களாகப் பிரிக்கும் வழியை நாம்தான் சொல்லித் தரவேண்டும். அந்த வழியையும், அதில் நாங்கள் செய்த ஒரு பிழையையும் இங்கே கூற விரும்புகிறோம்.

இலக்கங்களைப் பிரிக்கும் முறை

இதற்குத் தேவையானது நாம் மூன்றாம் வகுப்பில் கற்ற வகுத்தல் கணக்கே. எந்த எண்ணையும் பத்தால் வகுத்தால், மீதியாக வருவது அதன் கடைசி இலக்கம். ஈவாக வருவது அந்த இலக்கம் நீங்கிய எண்.

4175 ஐப் பத்தால் வகுக்க, ஈவு 417, மீதி 5.
417 ஐப் பத்தால் வகுக்க, ஈவு 41, மீதி 7.
41 ஐப் பத்தால் வகுக்க, ஈவு 4, மீதி 1.
4 ஐப் பத்தால் வகுக்க, ஈவு 0, மீதி 4.

ஈவு பூச்சியமானதும் நிறுத்திவிடலாம். இலக்கங்கள் 5, 7, 1, 4 என்று பின்னாலிருந்து வரிசையாக வந்துவிட்டன அல்லவா?

பைத்தான் மொழியில் மீதியைக் காண % என்ற குறியையும், முழு ஈவைக் காண // என்ற இரட்டைக் கோட்டையும் இடவேண்டும். அவசரத்தில் ஒற்றைக் கோடு இட்டால் 417.5 என்று தசமம் வந்து நிற்கும். புதிதாகப் பயிலும் தங்கையர் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்த இலக்கங்களை மீண்டும் சேர்ப்பதும் எளிது. பூச்சியத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பத்தால் பெருக்கி, அடுத்த இலக்கத்தைக் கூட்டவேண்டும். 7, 5, 4, 1 என்ற வரிசையைச் சேர்த்தால் 7, பிறகு 75, பிறகு 754, முடிவில் 7541 கிடைக்கும்.

காப்ரேகர் கண்ட எண்

இந்த இரு வேலைகளையும் செய்து பார்க்க ஓர் அழகான கணக்கு உண்டு. மராட்டிய மாநிலத்தில் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த த. ரா. காப்ரேகர் (1905–1986) கண்டறிந்தது அது. 1949ஆம் ஆண்டு சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அவர் இதை அறிவித்தார் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி.

நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கங்களும் ஒன்றாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையிலும், ஏறு வரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடைக்கும் அவ்வாறே செய்யுங்கள். 4175 இல் தொடங்கினால் 6084, 8172, 7443, 3996, 6264, 4176, 6174 என்று வருகிறது. அதன்பின் எத்தனை முறை செய்தாலும் 6174 தான்! எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இங்கே வந்து சேர்ந்துவிடுகிறோம்.

எங்கள் பிழை

பள்ளிக் கண்காட்சிக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து இதற்கு ஒரு நிரல் எழுதினோம். தொடர்ந்து இருமுறை ஒரே விடை வந்தால் நிறுத்தி, அதைத் திரையில் காட்டும்படி செய்தோம். முப்பது எண்களைக் கொடுத்துச் சோதித்தோம். முப்பதுக்கும் 6174 வந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

கண்காட்சியன்று ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வந்து 2111 என்று கொடுத்தாள். திரையில் 0 என்று தோன்றியது! பின்னால் பெற்றோர் வரிசையாக நின்றனர். "இந்த எண் சரியில்லை, வேறு எண் கொடு" என்றோம். அவளோ தன் நோட்டில் கணக்குப் போட்டு, "எனக்கு 6174 வருகிறதே, அக்கா" என்றாள். "கணிப்பொறி தப்பாகச் சொல்லுமா? நீதான் எங்கோ தவறியிருப்பாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவள் முகம் வாடியதைப் பார்த்தும் பாராதவர்போல் இருந்தோம்.

மதிய உணவு வேளையில் மனம் கேட்கவில்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். 2111 இலிருந்து 1112 ஐக் கழித்தால் 999. எங்கள் நிரல் அதை மூன்று இலக்க எண்ணாகவே பிரித்து, 999 இலிருந்து 999 ஐக் கழித்து, பூச்சியத்தில் போய் நின்றுவிட்டது. அந்தத் தங்கையோ நான்கு கட்டங்கள் வரைந்து, 0999 என்று எழுதியிருந்தாள். 9990 இலிருந்து 0999 போக 8991. பிறகு 8082, 8532, 6174. அவள் கணக்கே சரி!

6084 இல் உள்ளதுபோல் நடுவில் நிற்கும் பூச்சியம் தொலைவதில்லை. ஈவு இன்னும் தீராததால் அது மீதியாக வந்துவிடும். முன்னால் நிற்கும் பூச்சியம்தான் தொலைந்துபோகும். மூன்று இலக்கங்கள் ஒன்றாகவும், நான்காவது அதைவிட ஒன்று கூடவோ குறையவோ உள்ள எண்களில்தான் இப்பிழை தலைகாட்டும். நாங்கள் சோதித்த முப்பதில் அப்படி ஒன்றுகூட இல்லை.

திருத்தம்

திருத்தியது ஒரே ஒரு வரி. "ஈவு பூச்சியமாகும் வரை வகு" என்பதை "நான்கு முறை வகு" என்று மாற்றினோம். இப்போது 999 ஐப் பிரித்தால் 9, 9, 9 வந்தபின், நான்காம் முறை பூச்சியத்தைப் பத்தால் வகுக்க மீதி 0 கிடைக்கிறது. தொலைந்த பூச்சியம் திரும்பிவிட்டது.

நிரலைத் திருத்துவது எளிதாக இருந்தது. ஏழாம் வகுப்பு வாசலில் போய் நிற்பதுதான் கடினமாக இருந்தது. ஆயினும் நால்வரும் சென்று, "நீ சொன்னதே சரி, எங்களை மன்னித்துவிடு" என்றோம். அவளை அழைத்து வந்து, பெற்றோர் முன்னிலையில் 2111 ஐ அவள் கையாலேயே தட்டச் செய்தோம். 6174 வந்ததும் அவள் சிரித்த சிரிப்பை எங்களால் மறக்க முடியாது.

தோழியரே! கணிப்பொறி நாம் சொன்னதைச் செய்கிறது. நாம் சொல்ல மறந்ததை அது அறியாது. சிறியவள் ஒருத்தி "எனக்கு வேறு விடை வருகிறதே" என்று சொன்னால், அவளை அனுப்பிவிடாமல் முதலில் அவள் நோட்டை வாங்கிப் பாருங்கள். முன்னால் நிற்கும் பூச்சியத்திற்கு மதிப்பில்லை என்று எண்ணியிருந்த எங்களுக்கு, அதற்கும் ஓர் இடம் உண்டு என்று கற்பித்தவள் அவளே.