ஒளி அளக்கும்; ஊர் பேர் சொல்லாது

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021-ல். அதே மாவட்டத்துக் கோயில்களிலிருந்து களவு போன சிலைகளின் கதைகளும் உண்டு. இரண்டைப் பற்றியும் பேச்சு வந்தால், “முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டால் போச்சு” என்று யாராவது சொல்வார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அந்தக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் குழப்பம் நிறைய.

நம்பிக்கை: லேசர் பட்டால் மரமும் வர்ணமும் கெட்டுவிடும்.

உண்மை: சிற்ப அளவிலான பொருளுக்குப் பெரும்பாலும் லேசரே தேவையில்லை. புரொஜெக்டர் ஒன்று கோடுகோடாக ஒளியைப் பாய்ச்சும். சற்றுத் தள்ளிச் சாய்வாக நிற்கும் கேமரா, அந்தக் கோடுகள் மேடுபள்ளங்களில் எப்படி வளைகின்றன என்று படம் பிடிக்கும். அந்த வளைவை வைத்து, முக்கோணக் கணக்கில் ஒவ்வொரு புள்ளியின் ஆழமும் கிடைக்கும். பொருளைத் தொடுவது ஒளி மட்டுமே. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பளபளக்கும் உலோகத்திலும் கறுப்புப் பாலிஷிலும் ஒளி சரியாகத் திரும்பாது. தொழிற்சாலைகளில் அதற்கு வெள்ளைப் பொடி தெளிப்பார்கள். பழைய சிலையில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

நம்பிக்கை: எந்த ஸ்கேனரானாலும் மயிரிழைத் துல்லியம்.

உண்மை: தொழிற்சாலைத் தர ஸ்கேனர் சிறு பொருளில் மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு வரை பிடிக்கும். கட்டடம் அளக்கும் லேசர் ஸ்கேனரின் பிழை சில மில்லிமீட்டர். ஒளித்துடிப்பால் தூரம் அளக்கும் செல்போன் லைடாருக்கோ சென்டிமீட்டர் கணக்கு. நிறைய போட்டோக்களைக் கோத்து உருவம் எடுக்கும் முறையும் உண்டு. அதில் பக்கத்தில் அளவுகோல் வைக்காவிட்டால் உருவம் வரும், அளவு வராது. மரத்துக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. ஓரடி அகலத் தேக்குப் பலகை, ஈரம் ஏறி இறங்கும்போது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உப்பிச் சுருங்கக்கூடும். மைக்ரான் கணக்கைவிட, எந்த மாதத்தில் அளந்தது என்ற குறிப்பே அங்கே முக்கியம்.

நம்பிக்கை: ஸ்கேனர் ஊடுருவிப் பார்க்கும்.

உண்மை: கேமராவின் கண்ணுக்கு எட்டாத இடம் ஸ்கேனுக்கும் எட்டாது. யாளியின் வாய்க்குள் ஒளி போகாவிட்டால் கோப்பில் ஓட்டைதான் விழும். மரத்துக்குள் இருக்கும் பொந்தையும் வெண்கலத்துக்குள் இருக்கும் விரிசலையும் காட்ட எக்ஸ்ரேயோ சி.டி.யோ வேண்டும். விமானத்திலிருந்து காட்டை அளக்கும் லைடாரும் இலைகளைத் துளைப்பதில்லை. இலைகளின் இடைவெளியில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும் ஒளித்துடிப்புகளை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். குவாத்தமாலாக் காட்டுக்குள் 60,000-க்கும் மேற்பட்ட மாயன் கட்டுமானங்கள் 2018-ல் வெளியுலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் அளப்பதானாலும், இலையுதிர்ந்த கோடையில் தரை தெரிகிற அளவு மழைக்காலத்தில் தெரியாது.

நம்பிக்கை: ஸ்கேனும், கணினி சொல்படி செதுக்கும் சி.என்.சி. இயந்திரமும் வந்தால் சிற்பி வேண்டியதில்லை.

உண்மை: சாதாரண மூன்றச்சு இயந்திரத்தின் வெட்டுமுனை மேலிருந்துதான் இறங்கும். உள்வாங்கிய குடைவு அதற்கு எட்டாது. மரத்தின் ரேகை எங்கே திரும்புகிறது, கணு எங்கே இருக்கிறது என்று பார்த்து உளியின் போக்கை மாற்றுவது சிற்பியின் கை. கோப்பில் இருப்பது வெளிவடிவம் மட்டும். அதோடு, புவிசார் குறியீடு காப்பது வடிவத்தை அல்ல, பெயரை. ஸ்கேன் கோப்பு வெளியே கசிந்தால் யாரும் எங்கும் அச்சாக நகல் செதுக்கலாம். ஆனால் இந்தியாவில் அதைக் ‘கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்’ என்று சட்டப்படி விற்க முடியாது. எனவே கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதை ஸ்கேன் எடுக்கும் முன்பே எழுதி வாங்குவது நல்லது.

நம்பிக்கை: ஸ்கேன் இருந்தால்தான் களவு போன சிலையை மீட்கலாம்.

உண்மை: கள்ளக்குறிச்சி மாவட்டம் வீரசோழபுரத்துச் சிவன் கோயிலில் இருந்த சுந்தரர்–பரவை வெண்கலச் சிலை, 1987-ல் ஒரு பெரிய நன்கொடையோடு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அது எந்த ஊருடையது என்று காட்டிக்கொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் காப்பகத்தில் இருந்த 1956-ஆம் ஆண்டுப் புகைப்படம். அருங்காட்சியகம் சிலையை இந்தியாவிடம் திருப்பித் தருவதாக அறிவித்தது. படத்தோடு ஊரின் பெயரும் ஆண்டும் பதிவாகியிருந்ததுதான் பலம். ஸ்கேன் இதற்கு மேல் ஒன்றைத் தரும்: அசலை எடுத்துவிட்டுப் போலியை வைத்தால், அளவு வித்தியாசம் உடனே பிடிபடும். ஆனால் ஊர், நாள், எடுத்தவர் விவரம் இல்லாத கோப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அநாதைதான்.

ஆகவே கோயில் நிர்வாகிகளும் பட்டறைக்காரர்களும் ஸ்கேனர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் அளவுகோல் வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஊர், தேதி, உயரம், எடை, தழும்பு எல்லாம் எழுதி, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேன் அதற்கு அடுத்த வேலை.