பெட்டிக்கு முன்னாடி போகும் ரத்த டியூப்: உறுப்பு மாற்று லேபில் யார், என்ன செய்கிறார்கள்?



உறுப்பு தானம் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது ஆம்புலன்ஸ்தான். ரோட்டை கிளியர் பண்ணி, பெட்டியைத் தூக்கிட்டு ஓடுறதை நியூஸில் பார்த்திருப்போம். ஆனா கிட்னி பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடியே கொடுப்பவருடைய ரத்த டியூப் ஒன்று வேறொரு இடத்துக்குக் கிளம்பிப் போயிருக்கும். அதுதான் டிரான்ஸ்பிளான்ட் இம்யூனாலஜி லேப். அங்கே வேலை பார்ப்பவர்களை நோயாளி ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் "இந்தக் கிட்னி இவருக்கு வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் ஆபரேஷன் நின்றுவிடும். அந்த வேலையைத்தான் இந்த இதழில் படிக்கப் போகிறோம். பயாலஜி பிளஸ் டூவோட முடிஞ்சு போச்சேன்னு பயப்படாதீங்க. இதுல பாதி நம்ம பாடம்தான்.

ஒரு உதாரணத்தோட ஆரம்பிப்போம்

எங்க ஊர் சிவகிரியில் ஒரு அக்கா இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. வயசு 35, ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. டயாலிசிஸ் ஓடுது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் வழியா மதுரைக்குப் பஸ் ஏறி டாக்டரைப் பார்க்கிறாங்க. கிட்னி கொடுக்க மூணு பேர் ரெடி: அம்மா, தம்பி, வீட்டுக்காரர். மூணு பேருக்கும் ரத்த குரூப் ஒத்துப்போகுது. யாரை எடுப்பது?

லேப் இதற்கு மூன்று கேள்விகளில் பதில் தேடுகிறது.

கேள்வி 1: அடையாளம் எவ்வளவு ஒத்துப்போகிறது?

நம்ம உடம்பு செல்கள் மேல் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. ஐடி கார்டு மாதிரி. கார்டு வேறாக இருந்தால் வெள்ளை அணுக்கள் சண்டைக்கு வரும். இந்தக் கார்டை எழுதும் மரபணுக்கள் 6-வது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், பெரும்பாலும் ஒரே கட்டாகத்தான் பிள்ளைக்குப் போகும். அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு.

இப்போ கணக்கு. அப்பாவிடம் க, ங என்று இரண்டு கட்டு. அம்மாவிடம் ச, ஞ என்று இரண்டு. பிள்ளைக்கு வரக்கூடியவை நாலே நாலு: கச, கஞ, ஙச, ஙஞ. அதனால் அம்மா எப்பவும் பாதிப் பொருத்தம். தம்பி முழுப் பொருத்தமாக இருக்க 25%, பாதிக்கு 50%, எதுவுமே பொருந்தாமல் போக 25%. கூடப் பிறந்தவர்தானே, கண்டிப்பா பொருந்தும்னு வீட்டில் நினைப்பாங்க. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

இந்தக் கார்டை முதலில் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ழான் தோசே. ஆண்டு 1958. அதற்காக 1980-இல் நோபல் பரிசும் வாங்கினார். இன்று இந்த மரபணுக்களின் பதிவான வடிவங்கள் 30,000-ஐத் தாண்டிவிட்டன. லேபில் ஒருவர் டிஎன்ஏ பிரித்தெடுப்பார், இன்னொருவர் சீக்குவென்சிங் மெஷினைப் பார்ப்பார், மூன்றாமவர் வந்த டேட்டாவை டேட்டாபேஸோடு ஒப்பிடுவார். அந்த மூன்றாவது நாற்காலியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவரும் உட்காரலாம்.

கேள்வி 2: ஏற்கனவே எதிரி இருக்கிறாரா?

நோயாளியின் ரத்தத்தில் வேறொருவர் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி முன்கூட்டியே இருக்கலாம். அது மூன்று வழியில் வரும்: ரத்தம் ஏற்றியது, முன்பு நடந்த உறுப்பு மாற்று, கர்ப்பம்.

மூன்றாவதைக் கவனிங்க. வயிற்றில் இருக்கும் குழந்தையின் செல்களில் பாதி அடையாளம் அப்பாவுடையது. அந்தச் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும்போது, தாயின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்து வைத்திருக்கலாம். அதாவது, நம்ம அக்காவுக்கு ஆபத்தானவர் அவர் வீட்டுக்காரராகவே இருக்கலாம்!

இதைக் கண்டுபிடிக்கும் மெஷின் நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறக்கலவை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு எச்.எல்.ஏ. புரதம். நோயாளியின் சீரத்தில் கலந்து ஓடவிட்டால், ஒரு லேசர் இது எந்த மணி என்று படிக்கும், இன்னொரு லேசர் அதில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று படிக்கும். ஆனால் எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து என்று மெஷின் முடிவு பண்ணாது. பாசிட்டிவைத் தவறவிட்டால் கிட்னி போகும். தேவையில்லாமல் பாசிட்டிவ் என்று எழுதினால் கிடைத்த வாய்ப்பு போகும். அந்தக் கோட்டைப் போடுவது அனுபவமுள்ள இம்யூனாலஜிஸ்ட்.

கேள்வி 3: நேரில் மோதவிட்டால் என்ன ஆகும்?

இதுதான் கிராஸ்மேட்ச். கொடுப்பவரின் வெள்ளை அணுக்கள், வாங்குபவரின் சீரம், கூடவே முயலின் சீரத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட். மூன்றையும் சின்னக் குழிகள் உள்ள தட்டில் கலந்து, சாயம் சேர்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். செல்கள் செத்திருந்தால் பாசிட்டிவ்.

இந்த முறையை 1964-இல் சுருக்கிக் கொடுத்தவர் பால் தெராசாகி. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சிறுவனாக இருந்தபோது குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். அவர் முறைக்கு 1 மைக்ரோலிட்டர் சீரம் போதும். 1969-இல் அவரும் படேலும் வெளியிட்ட கணக்கு: கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் கிட்னி வைத்த 30 பேரில் 24 பேருக்கு அது உடனே செயலிழந்தது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்குத்தான் அப்படி. அதற்குப் பிறகு இந்த டெஸ்ட் வழக்கமாகிவிட்டது.

மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னி என்றால் நேரமும் சேர்ந்து துரத்தும். வெளியே எடுத்த கிட்னி ஐஸில் சுமார் ஒரு நாள்தான் தாங்கும். ராத்திரி 2 மணிக்கு டியூப் வந்தாலும் டெக்னீஷியன் எழுந்து உட்காரணும். எண்ணுவது அவர் கண், கையெழுத்தும் அவருடையது.

நம்ம அக்கா விஷயத்தில் வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ் வந்தால்? அவர் கிட்னியை இன்னொரு ஜோடிக்குக் கொடுத்து, அந்த ஜோடியிலிருந்து இவருக்கு வாங்கலாம். 2011 சட்டத் திருத்தம் இதற்கு இடம் கொடுத்தது. யாரை யாரோடு இணைப்பது என்பது சுத்தமான கிராஃப் தியரி. மேட்சிங் பற்றிய ஆய்வுக்காக 2012-இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்ட ஆல்வின் ராத், இந்தக் கிட்னி பரிமாற்றத்துக்கும் வழி வகுத்தவர்.

மதுரையில் நடந்த வேலை

இதெல்லாம் வெளிநாட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வி.ஆர். முத்துக்கருப்பன், ஆர்.எம். பிச்சப்பன் ஆகியோரின் குழு, தமிழ்நாட்டு மக்களின் எச்.எல்.ஏ. வகைகளைப் பட்டியலிட்டு 1984-லேயே கட்டுரை வெளியிட்டது. பிச்சப்பன் குழு 1991-இல் காசநோய்க்கும் எச்.எல்.ஏ. வகைக்கும் உள்ள தொடர்பையும் எழுதியது.

இந்தப் பட்டியல் எதுக்கு? எச்.எல்.ஏ. வகைகள் ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். நாம தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கல்யாணம் பண்ணினவங்க. அதனால் ஒரு தமிழருக்குப் பொருந்துபவர் ஜெர்மனிப் பதிவேட்டில் கிடைப்பதைவிட, தமிழர்களுக்கு நடுவில் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இங்கே நம்ம பங்கு வருது

கிட்னிக்கு இப்போ நல்ல மருந்துகள் இருப்பதால் கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் சமாளிக்கலாம். ரத்தப் புற்றுநோய், தலசீமியாவுக்குச் செய்யும் ஸ்டெம் செல் மாற்றில் பொருத்தம் ரொம்ப முக்கியம். பாதிப் பொருத்தத்திலும் இப்போ செய்கிறார்கள். ஆனாலும் முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்புதான் முதல் தேர்வு.

உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எ என்று வைத்தால், ஒருவராவது முழுப் பொருத்தமாக இருக்கும் வாய்ப்பு 1 கழித்தல் (3/4)-இன் எ அடுக்கு. மூன்று பேர் இருந்தால் 58%. இரண்டு பேர் என்றால் 44%. ஒருவர் என்றால் 25%. தாத்தா பாட்டி காலத்தில் வீட்டில் ஆறேழு பேர். நம்ம வகுப்பில் எத்தனை பேருக்கு ஒரே ஒரு தம்பியோ அக்காவோ? அவர்களில் நாலில் மூன்று பேருக்கு வீட்டுக்குள் முழுப் பொருத்தம் கிடைக்காது. ஒற்றைப் பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம். மீதி எல்லோருக்கும் நம்பிக்கை முன்பின் தெரியாத ஒருவர்தான்.

அதற்குத்தான் 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவிக் கொடுத்தால் போதும், லேப் உங்கள் எச்.எல்.ஏ.வைப் படித்து வைத்துக்கொள்ளும். அழைப்பு வந்தால், பெரும்பாலும் கையிலிருந்தே ரத்தத்தை எடுத்து, ஸ்டெம் செல்லைப் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி ஏற்றிவிடுவார்கள்.

ஆனா ஒண்ணு. காலேஜில் முகாம் போட்டாங்க, பிரண்ட்ஸ் கொடுத்தாங்கன்னு மட்டும் பதியாதீங்க. ஸ்டெம் செல் ஏற்றுவதற்கு முன்னால் நோயாளியின் பழைய எலும்பு மஜ்ஜையைக் கடுமையான மருந்தால் அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் "வீட்டில் வேண்டாங்கிறாங்க" என்று நீங்கள் பின்வாங்கினால் அவருக்குத் திரும்பிப் போக வழியில்லை. அதனால முதலில் அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்க. அவங்க கேள்வி கேட்பாங்க. பதில் சொல்லுங்க. அப்புறம் பதியுங்க.

கடைசியா ஒரு சின்னக் கணக்கு: நம்ம ஊரில் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது உண்டு. அந்தத் தம்பதியின் பிள்ளைக்கு, சொந்தக்காரர்களுக்குள் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு கூடுமா, குறையுமா? க, ங, ச, ஞ போட்டு வரைந்து பாருங்க. விடையை அடுத்த இதழுக்கு அனுப்புங்க.